ஃபேன் மூன்றில் ஓடணும்

புயல் பெயர்கள் என் மகனுக்கு அத்துப்படி. 2017 என்றால் ஒக்கி, 2018 கஜா, 2020-ல் நிவரும் புரெவியும், 2022 மாண்டஸ், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல். வருஷத்தைச் சொன்னால் பெயர் வரும், பெயரைச் சொன்னால் வருஷம் வரும். வயது இருபத்தாறு. குடிக்கத் தண்ணி வேண்டும் என்று வாய் திறந்து கேட்க அவனுக்கு நேரமாகும். இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆட்டிசம் உள்ள சிலருக்கு ரயில் நேரம், சிலருக்கு கார் மாடல். இவனுக்கு மழையும் அணை நீர்மட்ட நம்பரும்.

2023 டிசம்பரில் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அடித்த மழைக்குப் பெயரே கிடையாது. அது புயல் இல்லை. மிக்ஜாம் சென்னையைப் புரட்டிப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். குமரிக்கடல் பக்கம் வளிமண்டலச் சுழற்சி என்று டிவியில் சொன்னார்கள், அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவெள்ளத்தில் நின்றது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்தது. இத்தனை நடந்தும் பெயர் இல்லை. என் மகன் அன்று முழுக்க என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பேரு என்ன?" மழைக்குப் பெயர் இல்லை என்றால் அவனுக்கு அது எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்று. கடைசியில் அவன் அம்மாதான் சொன்னாள், "அது மார்கழி ஒண்ணுய்யா." டிசம்பர் 17 அந்த வருஷம் மார்கழி முதல் தேதி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது 2023 என்றால் மிக்ஜாம், மார்கழி ஒண்ணு என்று இரண்டையும் சொல்கிறான்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். வீடு மீனாட்சிபுரத்தில், ஜங்ஷனுக்கும் தாமிரபரணிக்கும் நடுவில். 1992 வெள்ளத்தையும் பார்த்தவன். அதனால் வெள்ளத்துக்கு என்ன செய்யணும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு வளர்ந்த பையனை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குத் தயாராவது வேறு கதை. இதைப் பற்றித் தமிழில் தேடினால், டார்ச், பிரெட், குடிதண்ணீர் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவான பட்டியல்தான் கிடைக்கிறது. அதெல்லாம் வேண்டியதுதான். எங்கள் வீட்டுப் பிரச்சினை அங்கே ஆரம்பிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளிப்பது அவன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து வழக்கம். வெள்ளன எழுந்து துண்டு, சோப்பு டப்பாவோடு வாசலில் நிற்கிறான். வெளியே மழை வெளுத்து வாங்குகிறது. "இன்னைக்கு ஆறு இல்லய்யா" என்றால், ஞாயிறு இருக்கிறது, ஆறு இருக்கிறது, அப்புறம் என்ன என்ற மாதிரி நிற்கிறான். நீங்களும் நானும் மழைக்குப் பயப்படுவோம். இவனுக்குத் தண்ணீர் பயமே இல்லை. அமெரிக்கக் கணக்குகளில், வீட்டைவிட்டு நழுவிப் போகிற ஆட்டிசப் பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமாகச் சொல்லப்படுவது நீரில் மூழ்குவதுதான். அதைக் கடலோர ஊர்க்காரர்களும் ஆற்றோர ஊர்க்காரர்களும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அன்று கேட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டு, புறவாசலில் அண்டாவை வைத்து மழைத் தண்ணியிலேயே குளிக்க வைத்தோம். அதே துண்டு, அதே சோப்பு, தலையில் அதே மூணு முங்கு கணக்குக்கு மூணு வாளி. அரைமனதோடு ஏற்றுக்கொண்டான்.

அன்றைய ராத்திரிதான் பெரிய பாடு. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வருகிறது என்றதும் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அது சரியான காரியம். தண்ணி ஏறுகிற இடத்தில் ஏபி சுவிட்சை, அதாவது கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற சுவிட்சை, இறக்கத்தான் வேண்டும். நானே எத்தனையோ மழையில் இறக்கியிருக்கிறேன். ஆனால் கரண்ட் நின்றால் ஃபேன் நிற்கும். எங்கள் வீட்டில் அவன் கட்டிலுக்கு மேலே ஓடும் பழைய ஃபேன் எப்போதும் மூன்றில் ஓட வேண்டும். இரண்டும் இல்லை, நாலும் இல்லை. மார்கழிக் குளிரிலும் மூன்றுதான். அந்த ஃபேனில் ஒரு சின்ன 'டக் டக்' இருக்கிறது. பேரிங் தேய்ந்த சத்தம். அதை மாற்ற இவன் விட்டதில்லை. அந்தச் சத்தம் நின்றதும் எழுந்து உட்கார்ந்தவன், ரெகுலேட்டரைத் திருகித் திருகி ஓய்ந்து, தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். வாசப்படியில் தண்ணி ஏறுவதை அவன் பார்க்கவேயில்லை.

மேல் வீட்டு அண்ணாச்சி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். பன்னிரண்டு படி ஏறினால் போதும். இவன் ஏற மாட்டேன் என்கிறான். அது அவன் வீடு இல்லை, ராத்திரி பத்து மணிக்கு அங்கே போகிற வழக்கமும் இல்லை. உதவி செய்கிறேன் என்று வந்த ஒருவர் கையைப் பிடித்து இழுத்ததில் நிலைமை மோசமானது. கடைசியில் என் பழைய டூட்டி டார்ச்சை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் அடிக்கச் சொல்லி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே போனோம். எண்ண ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த மாட்டான். பன்னிரண்டு வந்ததும் மேலே இருந்தான். கீழே கட்டில் கால் முங்கிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து எனக்குப் பட்டது இதுதான். இவனுக்கு ஆபத்து வெள்ளத்தில் இல்லை, வழக்கம் உடைவதில் இருக்கிறது. வழக்கத்தை உடைக்காமல் ஊரைக் காலி செய்ய முடியாது. ஆகவே காலி செய்வதையே முன்கூட்டி ஒரு வழக்கமாக ஆக்கிவிட வேண்டும். மழை இல்லாத நாளில், சாவகாசமாக.

முதலில் முருகனைப் பிடித்தோம். குறுக்குத்துறைக் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வெள்ளத்தைக் கிழித்து ஒதுக்குகிற மாதிரி படகு முனை போல முன்பக்கம் கட்டியிருப்பார்கள். வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். காலங்காலமாக நடக்கிற விஷயம். என் மனைவி இதை வைத்து ஒரு போட்டோ ஆல்பம் செய்தாள். கோவில் சும்மா இருக்கிற படம். அப்புறம் வெள்ளத்தில் முங்கிய படம். அப்புறம் மேலக்கோவில். அடுத்த பக்கத்தில் எங்கள் வீடு, எங்கள் மாடிப்படி, அண்ணாச்சி வீட்டு மாடி அறை, அதில் ஓடுகிற ஃபேன். அதற்கடுத்து மறுபடி கோவில், மறுபடி எங்கள் வீடு. திரும்பி வருகிற அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் முக்கியம். இவனைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் ஆரம்பிப்பதைவிட, எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான் தாங்காது. "முருகன் மேல போயிட்டாரு, நம்மளும் மேல போவமாய்யா?" என்றால் இப்போது செருப்பைத் தேடுகிறான். இப்படிப் படத்தை அடுக்கிக் கதையாகச் சொல்வதை ஆட்டிசப் பயிற்சியாளர்கள் பல காலமாகச் செய்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை படம் போட்ட அட்டையை வாங்கிக் காட்டுவதைவிட, நம் பிள்ளைக்குத் தெரிந்த கோவிலும் தெருவும் இருந்தால் சட்டென்று பிடிக்கும் என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு மாடியில் தோசை. அது இப்போது வழக்கம். எண்ணிக்கொண்டே ஏறுவான், தோசை தின்பான், இறங்குவான். சில வாரம் மாவு இல்லை என்றால்கூட மதினி பக்கத்து வீட்டில் வாங்கிச் சுட்டுப் போட்டுவிடுகிறாள். சொந்தபந்தம்கூட இந்த அளவுக்குச் செய்யாது.

கரண்ட் விஷயம் என் துறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் கணக்குக்கு 1800 வாட்-அவர். இன்வெர்ட்டரில் போகிறது, பேட்டரியை ஒட்ட உறிஞ்சக் கூடாது என்று கழித்தால் 1200 கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட். பதினாறு மணி நேரம் ஓடும். கரண்ட் கம்மியாக இழுக்கிற புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாற்பது மணி நேரம் ஓடும். கரண்ட் வர நாள் கணக்கில் ஆகும்போது இந்த வித்தியாசம் பெரிது. சரி என்று மாடி அறைக்கு ஒரு பிஎல்டிசி வாங்கி மாட்டினால், துரைக்கு அது ஆகவில்லை. சத்தமே இல்லை, ரெகுலேட்டர் இல்லை, ரிமோட்! ஃபேன் என்றே அதை மதிக்கவில்லை. அப்புறம் கீழே இருக்கிற பழைய ஃபேனின் 'டக் டக்' சத்தத்தை போனில் பதிவு செய்து, ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். சுவரில் சும்மா ஒரு பழைய ரெகுலேட்டரை, எந்த ஒயரும் கொடுக்காமல், மூன்றில் வைத்துத் திருகினேன். அதை அவனே ஒரு தடவை திருகிப் பார்த்து மூன்றில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்தான். நாற்பது வருஷ சர்வீஸில் நான் செய்த ஒயரிங்குகளில் இதுதான் உருப்படி என்கிறாள் இவள்.

பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். தரைத்தள வீட்டில் இன்வெர்ட்டர் எப்போதும் ஹால் மூலையில் தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் தண்ணி வந்தால் முதலில் போவது அதுதான். எங்களுடையது இப்போது மாடியில். மாதம் ஒருமுறை ராத்திரி மெயினை நானே இறக்கிவிட்டு மேலே கூட்டிப் போகிறேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான். காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு பல்பு படம் போட்டு அடித்துவைத்திருப்போம்.

காலண்டர் என்றதும் நினைவு வருகிறது. அணை நம்பரை அவன் வேலையாகவே ஆக்கிவிட்டோம். காலையில் பேப்பர் வந்ததும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றையும் தேதிக் கட்டத்தில் எழுதுவான். பாபநாசம் முழுக்கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து மழைக் கணக்கும் உண்டு. வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறங்களுக்கு ஏற்ற பென்சில்கள் அவன் டப்பாவில் இருக்கின்றன. மஞ்சள் என்றால் போன், ஸ்பீக்கர், டார்ச் எல்லாம் சார்ஜில். ஆரஞ்சு என்றால் பரணிலிருந்து பை இறங்கும், ஆற்றுக்குளியல் புறவாசல் அண்டாவுக்கு மாறும். சிவப்பு என்றால், அதாவது இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை வரும் என்றால், தண்ணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் பகலிலேயே பாளையங்கோட்டை மேட்டுப் பக்கம் இருக்கும் அவன் அத்தை வீட்டுக்கு. நாங்கள் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான். போன ஐப்பசியில் ஆரஞ்சு அடித்த அன்று, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறதே என்று நான் மெத்தனமாக இருந்தேன். பையை அவனே இறக்கிவந்து என் மடியில் வைத்தான்.

அண்ணன் மகன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறான். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன் சீசன். புயல் வரப்போவது சில நாள் முன்னாடியே தெரிந்து, காரில் ஏறி நூறு மைல் தள்ளிப் போய்விடுகிறார்களாம். மாற்றுத்திறனாளிகள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் அவர்களுக்கென்று தனி முகாம் உண்டு. "சித்தப்பா, காரில் அவனுக்குப் பிடிச்ச பாட்டு, அவன் தலையணை, அதுதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்வான். நல்ல யோசனைதான். ஆனால் அவனுக்குக் கிடைக்கிற நாட்கள் நமக்குக் கிடைப்பதில்லை. மேலே மலையில் கொட்டுகிறது, அணை நிறைகிறது, திறக்கிறார்கள். ராத்திரிக்குள் தண்ணி தெருவில். அதனால் நம்முடைய தயாரிப்பு, சொன்னால் அரைமணி நேரத்தில் கிளம்புகிற மாதிரி இருக்க வேண்டும்.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வலிப்பு மாத்திரை இரண்டு வாரத்துக்கு. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, வெள்ளத்தில் மெடிக்கல் கடையும் மூடியிருக்கும். மருந்துச் சீட்டு நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எல்லாம் ஜிப் கவரில். கட்டிங் மெஷின் பிடிக்கிறவர்கள் போடுகிற காதுமூடி, ஹார்டுவேர் கடையில் வாங்கியது. 2023-ல் ஹெலிகாப்டர் தாழப் பறந்தபோது இது இல்லாமல் பட்ட பாடு போதும். போனில் வரும் அரசின் அவசர எச்சரிக்கைச் சத்தமும் இவனுக்கு ஆகாது. 2023-ல் சோதனைக்காக அனுப்பியபோதே வீடு இரண்டுபட்டது. அவன் டேப்லெட்டில் அதை செட்டிங்ஸில் நிறுத்திவிட்டு, என் போனில் மட்டும் வைத்திருக்கிறேன். எல்லார் போனிலும் நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாடு தனிக் கதை. முகாமில் தக்காளி சாதமோ பிரிஞ்சியோ பொட்டலமாக வரும். கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவன் கலந்த சாதம் தொட மாட்டான். வெள்ளைச் சோறு, அப்பளம், மாரி பிஸ்கட், அவல். பிஸ்கட் உறை நிறம் மாறினால் அதையும் தொட மாட்டான், ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே அதே உறையில் வாங்கிவைப்பேன். ஒரு சின்ன கேஸ் ஸ்டவ், ஒரு கிண்ணம் அரிசி வடிக்கிற பானை மாடியில் இருக்கிறது. பையில் அவனுடைய நீல மக்கும் உண்டு. பாத்ரூமில் அந்த மக் இல்லாவிட்டால் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பான். வெள்ள நிவாரணப் பட்டியல் எதிலும் நீல மக் என்று ஒரு வரி இருக்காது.

சட்டைப் பையில் ஒரு லேமினேட் அட்டை. "எனக்கு ஆட்டிசம். கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுங்கள், கூட வருவேன்." கீழே எங்கள் மூன்று நம்பர். மீட்க வருகிறவர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பேரிடர் படையாக இருக்கலாம். 2023-ல் போல, கடற்கரை ஊர்களிலிருந்து படகோடு வந்த மீனவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் படிக்கத் தமிழில் இருக்க வேண்டும். டெய்லரிடம் கொடுத்துச் சட்டைக் காலருக்கு உள்ளே போன் நம்பரும் தைத்துவைத்திருக்கிறோம். மிதவை ஜாக்கெட் ஒன்று வாங்கி, ஆற்றுக்குப் போகும் ஞாயிறுகளில் போட்டுப் பழக்குகிறோம். முதலில் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தான். இப்போது அந்தக் கிளிப் 'க்ளிக்' என்று விழுகிற சத்தத்துக்காகவே போடுகிறான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 8-வது பிரிவு பேரிடர் பற்றியது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், ஆபத்து வருகிறபோது அவர்களுக்குத் தெரிவிக்க வழி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, முகவரி, தரைத்தளம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டான், வலிப்பு உண்டு என்று எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கினேன். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு நகல். வெள்ளத்தன்று படகு நேரே என் வாசலுக்கு வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஆனால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குப் போன் போட்டு "மனு கொடுத்திருக்கேன், இந்தத் தேதி" என்று சொல்ல ஒரு காகிதம் இருக்கிறது. நாற்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவனுக்குக் காகிதத்தின் அருமை தெரியும்.

இப்போது என் கவலை ஆள் விஷயத்தில். எனக்கு அறுபத்து மூணு. இவளுக்கு முழங்கால் வலி. நான் வெளியூரில் இருக்கும்போது தண்ணி வந்தால் யார் இவனை ஏற்றுவது? எதிர்வீட்டுப் பையன் ஒருவனை ஒரு வருஷமாகப் பழக்கினோம். சும்மா டீ குடிக்க வா என்று கூப்பிட்டு, ரெகுலேட்டரைத் திருகி, படி எண்ணி, வெள்ளிக்கிழமை தோசைக்கு அவனையும் கூட்டிப் போய். இருவருக்கும் ஒத்துப்போனது. அந்தப் பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வரும் புரட்டாசிக்குள் கிளம்புகிறான். நல்ல விஷயம்தான், போகட்டும். ஐப்பசிக்குள் அடுத்த ஆள் வேண்டும். அண்ணாச்சி வீட்டு மருமகளை இவனுக்குப் பிடிக்கும், அவள் சுடுகிற தோசையைத்தான் முதலில் எடுக்கிறான். அவளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வெள்ளிக்கிழமை பேசணும்.